வெறி இல்லாத இனவெறி: ஒரு பல்கலைக்கழகம் எல்லோரையும் சேர்த்துக்கொள்வது எப்படி?

2024-ல் என்விடியா நிறுவனம் தன் புதிய சிப் வரிசைக்கு 'பிளாக்வெல்' என்று பெயர் வைத்தது. ஏஐ பற்றிய செய்திகளில் அந்தப் பெயர் ஓயாமல் அடிபடுகிறது. பெயருக்கு உரிய மனிதரைத்தான் பலருக்குத் தெரியாது. டேவிட் பிளாக்வெல், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1919-ல் பிறந்த கறுப்பினக் கணித மேதை. 22 வயதில் முனைவர் பட்டம் வாங்கியவர். கறுப்பினத்தவருக்கான கல்லூரிகளில்தான் தனக்கு வேலை கிடைக்கும் என்று அவரே கணக்குப் போட்டு, அப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதினார்.

ஆனால் 1942-ல் வேறொரு கதவு லேசாகத் திறந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த புள்ளியியல் அறிஞர் யெர்சி நேமன் அவரை நேர்காணல் செய்தார். பிடித்துப்போனது, எடுத்துக்கொள்ள விரும்பினார். வேலை கிடைக்கவில்லை. அந்தக் கணிதத் துறையில் ஆசிரியர்களைத் துறைத் தலைவர் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கும் வழக்கம் இருந்தது. கறுப்பினத்தவர் ஒருவரை என் வீட்டில் உட்கார வைத்துச் சாப்பாடு போட முடியாது என்று தலைவரின் மனைவி சொல்லிவிட்டார். கதை அதோடு முடிந்தது. காரணம் இதுதான் என்று பிளாக்வெல்லுக்குத் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். 1954-ல் பெர்க்லி அவரை அழைத்துக்கொண்டது. பிறகு அங்கேயே அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு முனைவர் பட்ட வழிகாட்டியாக இருந்தார். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பெர்க்லி மாணவர்கள் எவ்வளவு பெரிய ஆசிரியரை இழந்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

இந்தக் கட்டுரை கல்விக்கூடங்களில் இனவெறியை எதிர்ப்பது, எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொள்வது பற்றியது. முதல்முறையாக இதைப் படிப்பவர்களை நினைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து. இந்தப் பேச்சு அதிகம் நடந்ததும், செய்து பார்த்ததும் அங்கேதான்.

சொல்லிலேயே ஒரு சிக்கல்

தமிழில் நாம் 'இனவெறி' என்கிறோம். சொல்லுக்குள்ளேயே வெறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதைத் தேடும்போது வெறி பிடித்த ஓர் ஆளைத் தேடுகிறோம். தோலின் நிறத்தைச் சொல்லித் திட்டுபவர், கைநீட்டி அடிப்பவர், 'உன் நாட்டுக்குப் போ' என்று கத்துபவர். அப்படி ஒருவர் கண்ணில் படவில்லையென்றால், 'எங்கள் துறையில் அதெல்லாம் கிடையாது' என்று நிம்மதியாகச் சொல்லிவிடுகிறோம்.

பிளாக்வெல் விஷயத்தில் யாரும் கத்தவில்லை, யாரும் அடிக்கவில்லை. ஒரு விருந்து வழக்கமும், அந்த வழக்கத்துக்கு மேலாக ஒரு மனிதரின் தகுதியை நிறுத்தத் துணியாத துறையும் போதுமானதாக இருந்தன. வெறி இல்லாமலே வேலை முடிந்துவிட்டது. கல்விக்கூடங்களில் நடப்பது பெரும்பாலும் இந்த வகைதான். திட்டுபவரைத் தண்டிக்க விதி எழுதலாம். வழக்கத்தைத் தண்டிக்க முடியாது, மாற்றத்தான் முடியும்.

ஆகவே இனவெறி எதிர்ப்பு என்பதை நான் ஒரு கேள்வியாகப் புரிந்துகொள்கிறேன். ஒரு கல்விக்கூடத்தில் ஓர் இனத்தாருக்கு மட்டும் விளைவு திரும்பத் திரும்பப் பாதகமாக வருகிறது என்று வையுங்கள். அதிகமாகத் தோற்கிறார்கள், பாதியில் நிற்கிறார்கள், நிதி கிடைப்பதில்லை. அப்போது 'அவர்களிடம் என்ன குறை?' என்று கேட்கலாம், 'நம் ஏற்பாட்டில் என்ன குறை?' என்றும் கேட்கலாம். முதல் கேள்வியைப் பரிசோதிக்காமல் விடையாக எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, இரண்டாவது கேள்விக்கு உண்மையாகவே விடை தேடுவதுதான் எதிர்ப்பு.

நல்லவர் ஒருவர் பதவியில் இருந்தால் போதாதா என்று தோன்றலாம். நமக்கு நெருக்கமான ஒரு சம்பவம் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பாடம் எடுப்பதை அறிவியல் பிரிவின் டீன் அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி எதிர்த்தார். செய்தி பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸிடம் போனது. சந்திரசேகர் பாடம் எடுக்கட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். 1983-ல் சந்திரசேகருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஹட்சின்ஸ் இருந்ததால் சந்திரசேகருக்கு வழி பிறந்தது. அதே காலத்துப் பெர்க்லியில் அப்படி ஒரு குரல் எழவில்லை, பிளாக்வெல்லுக்கு வழி அடைபட்டது. மேலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்ற அதிர்ஷ்டத்தில் ஒருவருடைய வாழ்க்கை தொங்கக் கூடாது. அதற்காகத்தான் விதியும் ஏற்பாடும் தேவைப்படுகின்றன.

நாற்பது மாணவர்களும் ஒரு கணக்குப் பாடமும்

அதே பெர்க்லி, 1970-களின் நடுப்பகுதி. சட்டப்படி கதவுகள் திறந்தாகிவிட்டன, கறுப்பின மாணவர்கள் சேர்கிறார்கள். ஆனால் முதலாம் ஆண்டு நுண்கணிதத்தில் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தோற்கிறார்கள், அல்லது தேறியும் தேறாத மதிப்பெண்ணில் நிற்கிறார்கள். அந்தப் பாடத்தில் தேறாவிட்டால் பொறியியல், மருத்துவம், இயற்பியல் எதுவும் இல்லை.

யூரி டிரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர், ஏன் என்று ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தார். நான்கு காரணங்கள் வந்தன. ஆர்வம் குறைவு, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வறுமை. சொன்னவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

டிரைஸ்மன் சோதித்தார். இருபது கறுப்பின மாணவர்கள், அந்தப் பாடத்தில் நன்றாகச் செய்துகொண்டிருந்த இருபது சீன மாணவர்கள். ஒன்றரை ஆண்டு அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். நான்கு காரணங்களும் உதிர்ந்துபோயின. தங்கள் பள்ளியில் முதலிடம் வாங்கியவர்கள் அந்தக் கறுப்பின மாணவர்களிடையே இருந்தார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே கல்லூரிக் கனவு கண்ட பெற்றோர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு மணி நேர வகுப்புக்கும் இரண்டு மணி நேரம் படி என்று ஆசிரியர் சொன்னால், அச்சுப் பிசகாமல் அதையே செய்தார்கள், வாரத்துக்கு எட்டு மணி நேரம். ஆனால் தனியாகப் படித்தார்கள். நண்பர்கள் ஓர் உலகம், படிப்பு இன்னோர் உலகம். படிக்கிற பிள்ளையைக் கேலி செய்யும் பள்ளிச் சூழலில் அப்படிப் பிரித்து வைத்துக்கொண்டதால்தான் அவர்களால் பெர்க்லி வரைக்கும் வரவே முடிந்தது. வந்த இடத்தில் அதே பழக்கம் காலை வாரியது.

சீன மாணவர்கள் வாரத்துக்கு எட்டுப் பத்து மணி நேரம் தனியாகப் படித்துவிட்டு, மாலையில் கூடினார்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் திருத்தினார். பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தார்கள். வீட்டு அண்ணனோ மாமன் மகனோ வந்து கேள்வி கேட்டார். எல்லோருமே ஒரு கணக்கில் தடுக்கி விழுந்தால், 'இது கஷ்டமான கணக்கு' என்று புரிந்துகொண்டார்கள். தனியாக அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு அதே கணக்கு வராதபோது, 'எனக்குத்தான் வரவில்லை, நான் இந்த இடத்துக்கு உரியவனில்லை' என்று தோன்றியது.

இதைச் 'சீனர்கள் புத்திசாலிகள்' என்று படித்துவிடக் கூடாது, அப்படிப் படிப்பதும் இனப்பார்வைதான். டிரைஸ்மன் கண்டுபிடித்தது வேறு. ஒரு பாடத்தில் வெற்றி பெறத் தேவையான பாதி விஷயம் வகுப்பறைக்கு வெளியே இருந்தது. பல்கலைக்கழகம் அதை எவருக்கும் கொடுக்கவில்லை. வீடும் உறவும் கொடுத்தவர்களிடம் மட்டும் அது இருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தோற்கும் மாணவர்களுக்கு என்று பெர்க்லியில் ஏற்கெனவே சிறப்பு வகுப்புகள் இருந்தன. பள்ளியில் முதலிடம் வாங்கிய பிள்ளை அந்த அறைக்குள் கால் வைக்குமா? வைக்கவில்லை. டிரைஸ்மன் அதைத் தலைகீழாக்கினார். பாடத்தைவிடக் கடினமான கணக்குகளைத் தயாரித்து, திறமையானவர்களுக்கான பட்டறை என்று சொல்லி அழைத்தார். சிறு குழுக்களாக உட்கார வைத்தார். அவர்கள் பேசினார்கள், சண்டை போட்டார்கள், ஒருவருக்கொருவர் விளக்கினார்கள். அதில் சேர்ந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்களின் மதிப்பெண்கள், பட்டறைக்கு வராத வெள்ளை, ஆசிய மாணவர்களின் மதிப்பெண்களையே தாண்டின. 1988-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கும் அந்தப் பட்டறை போனது.

'இப்படியெல்லாம் செய்தால் தரம் குறைந்துவிடாதா?' என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான். பட்டறையில் கணக்கு எளிதாகவில்லை, கடினமானது.

தமிழில் 'அட்மிஷ'னுக்கு 'மாணவர் சேர்க்கை' என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் பட்டியலில் பெயர் வந்த அன்றைக்கே ஒருவர் சேர்ந்துவிடுவதில்லை. பெயரைச் சேர்ப்பது ஒரு வேலை, ஆளைச் சேர்த்துக்கொள்வது வேறு வேலை. இரண்டாவதைத்தான் இப்போது 'உள்ளடக்கம்', 'அனைவரையும் உள்ளடக்குதல்' என்று எழுதுகிறார்கள். எனக்குச் 'சேர்த்துக்கொள்ளுதல்' என்ற சொல்லே போதும்.

நானும் அந்தத் தனி அறையில் உட்கார்ந்திருந்தவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். பொறியியல் முதல் செமஸ்டரில் எம்-1 என்ற கணக்குத் தாளில் அரியர். நூலகத்தில் எல்லோரையும்விட அதிக நேரம் இருந்தவன் நான்தான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். சீனியர்களின் ஜெராக்ஸ் நோட்ஸும் ஐந்து வருட வினாத்தாளும் விடுதியின் சில அறைகளில் சுற்றிக்கொண்டிருந்தன என்பதே எனக்குத் தெரியாது. யாரும் மறைக்கவில்லை, எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் பட்டது இனப்பாகுபாடு அல்ல. ஆனால் டிரைஸ்மனின் ஆய்வைப் படித்த அன்று, அந்த மாணவர்களின் இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது.

பாடத்துக்குள்ளும் நிதிக்குள்ளும்

மாணவரோடு இது நிற்பதில்லை. அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெரும் நிதி தருவது தேசிய சுகாதார நிறுவனங்கள் என்ற அரசு அமைப்பு. அங்கே வந்த விண்ணப்பங்களை ஆராய்ந்து 2011-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. படிப்பு, பயிற்சி, வெளியிட்ட கட்டுரைகள் எல்லாவற்றையும் சமன்செய்து பார்த்த பிறகும், கறுப்பின ஆய்வாளருக்கு நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட 10 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. 2019-ல் வந்த தொடர் ஆய்வு, காரணத்தில் ஒரு பகுதியைக் காட்டியது. சமூகங்களின் உடல்நலம், நலவாழ்வு ஏற்றத்தாழ்வு போன்ற தலைப்புகளைக் கறுப்பின ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தார்கள். அந்தத் தலைப்புகளுக்கே நிதி குறைவாகத்தான் போனது. எது 'முக்கியமான' கேள்வி என்று முடிவு செய்யும் மேசையிலும் பாகுபாடு நுழைந்துவிடுகிறது.

சில நேரம் அது சூத்திரத்துக்குள்ளேயே இருக்கும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவை வைத்துக் கணக்கிடுவார்கள். நம்மூர் லேப் ரிப்போர்ட்டிலும் அந்த எண் வரும். 1999-ல் வந்த ஒரு சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஏறக்குறைய 1.2-ஆல் பெருக்கச் சொன்னது. 2009-ல் வந்த அடுத்த சூத்திரத்தில் அது 1.16 ஆனது. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பெருக்கினால் என்ன ஆகும்? பழுதான சிறுநீரகம் தாளில் கொஞ்சம் நல்ல சிறுநீரகமாகத் தெரியும். அமெரிக்காவில் அந்த எண் 20-க்கு இறங்கினாலோ டயாலிசிஸ் தொடங்கினாலோதான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் எண்ணப்படத் தொடங்கும். ஒரே நோய், ஒரே ரத்த அளவு, ஆனால் கறுப்பினத்தவர் வரிசையில் பின்னால் நின்றார்.

இதை விடாமல் கேள்வி கேட்டவர்களில் மருத்துவ மாணவர்கள் முக்கியமானவர்கள். வகுப்பில் இந்தப் பெருக்கலைச் சொல்லிக்கொடுத்தபோது, 'கலப்பினப் பெற்றோருக்குப் பிறந்தவருக்கு எந்த எண்ணைப் போடுவது?' என்று கேட்டால் அந்தச் சூத்திரத்திடம் பதில் இல்லை. 2017 முதல் சில மருத்துவமனைகள் பெருக்குவதைக் கைவிட்டன. 2021 செப்டம்பரில் அமெரிக்கச் சிறுநீரக அமைப்புகளின் கூட்டுக் குழு, இனம் சேர்க்காத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. 2023 முதல், பழைய கணக்கால் காலம் இழந்த கறுப்பின நோயாளிகளுக்குக் காத்திருப்பு நாட்களைத் திருப்பிக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். ஒரு வகுப்பறைக் கேள்வி ஒருவருக்குச் சிறுநீரகம் வரைக்கும் போய்ச் சேர்கிறது.

அறிக்கையும் வேலையும்

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்டு என்ற கறுப்பினத்தவர் போலீஸாரால் கொல்லப்பட்ட பிறகு, ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகங்களும் அறிக்கை விட்டன. எல்லோரையும் சேர்த்துக்கொள்வதற்கென்றே அலுவலகங்கள் திறந்தன. பிறகு காற்று மாறியது. 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. டெக்சஸ் மாநிலச் சட்டம் 2024 தொடக்கத்திலிருந்து அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்த அலுவலகங்களை மூட வைத்தது. 2025-ல் அமெரிக்க ஒன்றிய அரசும் அதே வழியில் இறங்கியது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் கவனித்துப் பாருங்கள், பலகையில் எழுதி மாட்டியதைக் கழற்றுவது எளிது. மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து கடினமான கணக்குப் போடும் வழக்கம் ஒரு துறைக்குள் வேரூன்றிவிட்டால், அதைக் கழற்ற எந்த உத்தரவாலும் முடியாது.

பால்டிமோர் அருகே உள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழக வளாகத்தின் மேயர்ஹாஃப் திட்டம் அப்படிப்பட்டது. பன்னிரண்டு வயதில், அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் நடந்த கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டத்தில் கைதான ஃப்ரீமன் ரபோஸ்கி, 1988-ல் அதைத் தொடங்கினார். முதல் அணியில் 19 கறுப்பின மாணவர்கள். கோடையிலேயே வந்து ஒன்றாகத் தங்கி, சேர்ந்து படித்து, சீக்கிரமே ஆய்வகத்துக்குள் போக வேண்டும். ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1996-ல் எல்லா இனத்தாருக்கும் அது திறக்கப்பட்டது. திட்டம் சாகவில்லை. மாடர்னா கொரோனா தடுப்பூசிக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானிகளில் ஒருவரான கிஸ்மெகியா கார்பெட் அதில் படித்து வந்தவர்தான்.

நிர்வாகிகள் அடிக்கடி செய்யும் ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். துறையில் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியர் இருந்தால், எல்லாக் குழுவிலும் அவரைப் போடுவார்கள். அழுதுகொண்டு வரும் மாணவர்களையும் அவரிடமே அனுப்புவார்கள். பதவி உயர்வுக்கு மட்டும் ஆய்வுக் கட்டுரைகளை எண்ணுவார்கள். உளவியலாளர் அமாதோ பதியா 1994-ல் இதற்குப் 'பண்பாட்டு வரி' என்று பெயர் வைத்தார். பாகுபாட்டைச் சரிசெய்யும் சுமையைப் பாகுபாட்டுக்கு ஆளானவர் தலையிலேயே ஏற்றுவது நியாயமில்லை. அந்த வேலைக்கு நேரமும் மதிப்பும் கொடுங்கள், மற்றவர்களும் தோள் கொடுங்கள்.

நாம் எடுத்துப்போகும் மூட்டை

கடல் தாண்டிப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் இனப்பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள், உண்மை. அதே நேரம் நம்மவர்கள் பெட்டிக்குள் சாதியையும் மடித்து வைத்து எடுத்துப்போகிறார்கள். சாதி வேறு, இனம் வேறு. ஆனால் ஒரு கல்விச் சமூகத்திலிருந்து ஒருவரைத் தள்ளி வைக்கும் விதம் ஒன்றுதான். 2019 டிசம்பரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் தன் பாகுபாடு தடுப்பு விதிகளில் சாதியைச் சேர்த்தது, அமெரிக்காவில் அதுதான் முதல். 2022 ஜனவரியில், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் சேர்த்தது. எதிர்ப்பும் எழுந்தது, இந்திய வம்சாவளிப் பேராசிரியர்கள் இருவர் வழக்கே போட்டார்கள். நான் அந்த விதியின் பக்கம் நிற்கிறேன். பெயர் சொல்லி எழுதாத ஒன்றைப் பற்றிப் புகார் கொடுக்கப் போகும் மாணவர், முதலில் சாதி என்றால் என்ன என்று அதிகாரிக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.

அங்கேயும் சாதி, வெறியோடு வருவதில்லை. புன்னகையோடு வரும். 'தம்பி, எந்த ஊரு?' ஊரைச் சொன்னதும், 'ஊர்ல எந்தப் பக்கம்?' அதற்கும் பதில் வந்ததும், 'அப்பா பேரு?' மூன்று கேள்விகளில் கேட்டவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். அடுத்த வாரம் அந்தத் தம்பிக்கு அறை பகிர்ந்துகொள்ள ஆள் கிடைக்காமல் போகலாம். பொங்கல் விருந்துச் செய்தி மட்டும் வந்து சேராமல் போகலாம். பக்கத்தில் நின்ற நீங்கள், முதல் கேள்வியைத் தாண்ட விடாமல் பேச்சைத் திருப்பிவிடலாம். அன்றைக்கே அந்தத் தம்பியின் எண்ணை வாங்கி, பாடக் குறிப்புகள் சுற்றும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடலாம்.

எனக்கு அதைச் செய்தவன் பக்கத்து அறைக்காரன். இரண்டாம் செமஸ்டர் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். நூலகத்திலிருந்து நான் இறங்கி வந்துகொண்டிருந்தபோது, படிக்கட்டில் நிறுத்திக் கேட்டான்: 'தனியா என்னடா பண்ற? நைட்டு எட்டு மணிக்கு என் ரூமுக்கு வா. நாங்க அஞ்சு பேர் பழைய கொஸ்டின் பேப்பர் போடுறோம்.'